பெரியம்மாவின் காலில் என்னை விழ வைக்காதே

பாப்பா,

உன் நாவலைப் படித்து முடித்துவிட்டேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முதல் தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆசையாகப் படித்தேன். இரண்டாம் தடவை எரிச்சலில் படித்தேன். அச்சுக்குப் போவதற்கு முன் அம்மா ஒரு பார்வை பார்த்துவிடட்டும் என்று நீதான் தாள்கட்டை அனுப்பி வைத்தாய். பார்த்துவிட்டேன். கையெழுத்தைக் குண்டு குண்டாகப் போட்டு, அத்தியாயத்துக்கு அத்தியாயம் தலைப்பு வைத்து, என்னைச் செண்பகம் என்று பெயர் மாற்றி, மலாக்கா காஜா பெராங்கில் என் பெரியம்மா வீட்டில் நான் பட்டதையெல்லாம் எழுதியிருக்கிறாய். நன்றாகத்தான் எழுதுகிறாய், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜப்பான்காரன் போன பிறகு செண்பகம் பெரியம்மாவின் காலில் விழுந்து, "நீங்க அன்னைக்கு அடிக்கலன்னா நான் இன்னைக்கு நிமிர்ந்து நிக்க மாட்டேன் பெரியம்மா" என்று சொல்லி அழுகிறாளே, அதை எடுத்துவிடு. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் போன வாரம் போன் செய்தேன். நீ கேட்கவில்லை.

"கதைம்மா அது," என்றாய். "கஷ்டப்படாம கதாநாயகி எப்படிம்மா வருவா? அந்தப் பெரியம்மா கொடுமைப்படுத்தினதாலதான் செண்பகத்துக்கு அவ்வளவு வைராக்கியம் வருது. அதுதான்மா முழு நாவலும்."

"வைராக்கியமா? எனக்கு வந்தது சிரங்கு," என்றேன். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டேன். உன்னோடு வாயால் பேசி ஜெயிக்க முடியாது. இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்தின தொண்டை உனக்கு. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாதல்லவா?

கதை என்று சொல்லித் தப்பிக்காதே. முன்னுரையில் என்ன எழுதியிருக்கிறாய்? 'இது என் அம்மாவின் வாழ்க்கை' என்று எழுதியிருக்கிறாய். அப்புறம் அது எப்படிக் கதையாகும்? கதை என்றால் உன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள், செண்பகத்தைச் சந்திர மண்டலத்துக்கு அனுப்பு, எனக்கென்ன. என் வாழ்க்கை என்று போட்டால் நான் கேட்பேன். நீ ஜப்பான்காரனை மூன்று இடத்தில் கொண்டுவந்திருக்கிறாய். ஒருவன் செண்பகத்தைக் கன்னத்தில் அறைகிறான், ஒருவன் வாளை உருவுகிறான். நான் ஜப்பான்காரனைக் கிட்டே பார்த்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவன் என் அப்பாவை ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் போட ஏற்றிக்கொண்டு போனான், அது போதாதா? அப்பா திரும்பி வரவே இல்லை. அம்மா ஏற்கெனவே காய்ச்சலில் போய்விட்டாள். எனக்குப் பத்து வயது. பெரியப்பா வந்து என்னை ஒரு சாக்குப் பையோடு காஜா பெராங்குக்குக் கூட்டிவந்தார். அதற்குப் பிறகு என்னைப் படுத்தியதற்கு ஜப்பான்காரன் தேவைப்படவில்லை.

பெரியம்மாவை நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய், அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துச் சீவ வேண்டும், கிணற்றில் தண்ணீர் இழுக்க வேண்டும், சக்கரவள்ளிக் கீரை பறித்து வர வேண்டும். சாப்பாடு என்று வந்தால் சட்டியை வழித்த பிறகு மிச்சம்தான் எனக்கு. உப்பு கேட்டால், "ஒங்கப்பன் சயாம்லேர்ந்து கொண்டாருவான், போட்டுக்க" என்பாள். அதையெல்லாம் நீ எழுதியிருக்கிறாய். அவளும் பாவம், அவளுக்கும் பசி, அவள் பிள்ளையும் இறந்துபோயிருந்தது என்றும் எழுதியிருக்கிறாய். பாவம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் மலாக்காவில் பசிக்காதவர் யார்? பசித்தவர்கள் எல்லாம் பத்து வயதுப் பெண்ணை விறகுக்கட்டையால் அடித்தார்களா? பக்கத்து வீட்டு மாக் சூவுக்கும்தான் பசி. அவளுக்கு உன் நாவலில் நாலு வரி. பெரியம்மாவுக்கு நாலு அத்தியாயம். இதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாக் சூ யார் என்று உனக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் நாவலைப் படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா? பெரியம்மா வீட்டுக்கும் செட்டிக் கம்பம் என்கிற கிராமத்துக்கும் நடுவில் ஒரு வேலி, ஒரு கிணறு. கிணற்றுக்கு அந்தப் பக்கம் மாக் சூ வீடு. அந்தக் காலத்திலேயே இங்கே குடியேறிய தமிழர் வழி வந்த மலாக்கா செட்டிப் பெண், கபாயாச் சட்டை போட்டுக் கைலிபோல் சாரோங் கட்டியிருப்பாள், நெற்றியில் திருநீறு இருக்கும், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். சாமி பேரும் பண்டிகைப் பேரும் மட்டும் தமிழில் வரும். தாலி கட்டிய புருஷன் செத்து வெகுநாள் ஆகியிருந்தது. தனியாக இருந்தாள். கறாரான மனுஷி. என்னைப் பார்த்து ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. கிணற்று வாளியைக் கீழே வைத்தால் திட்டுவாள், கயிற்றை நனைத்தால் திட்டுவாள்.

இப்போது அந்தப் போகி நாளுக்கு வருகிறேன். உன் ஒன்பதாவது அத்தியாயம். செட்டிகள் பொங்கலுக்கு முதல் நாள் செத்துப்போன பெரியவர்களுக்கு வீட்டுக்குள் வாழையிலை போட்டுப் படைப்பார்கள், பராச்சு என்பார்கள். சோறும் குழம்பும் இலையில் வைத்து, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நிற்பார்கள். உள்ளே பெரியவர்கள் வந்து சாப்பிட வேண்டும், அதற்கு மரியாதையாக. சோறே கண்ணால் பார்க்காத காலம் அது. மாக் சூ எத்தனையோ நாளாகப் பால் டின்னில் பிடி பிடியாக அரிசி சேர்த்து வைத்திருந்தாள். தன் வயிற்றுக்குக் கிழங்கைப் போட்டுவிட்டு, செத்தவர்களுக்கு அரிசியைச் சேர்த்தவள். அன்றைக்கு அவள் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். தண்ணீர் இழுத்துப் பின்கட்டில் வைக்கச் சொல்லி வேலிக்கு அப்பாலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

நீ என்ன எழுதியிருக்கிறாய்? செண்பகம் தண்ணீர்க் குடத்தோடு பின்வாசல் வழியாக வருகிறாள். உள்ளே ஐந்து இலையில் வெள்ளைச் சோறு. அவள் பார்க்கிறாள். கண்ணை மூடி அப்பாவை நினைத்துக்கொள்கிறாள். தொடாமல் திரும்பி வந்துவிடுகிறாள். அப்படியும் பெரியம்மா அவளைத் திருடி என்று பொய்ப்பழி போட்டு அடிக்கிறாள். செண்பகம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. 'அன்று அவளுக்குள் ஒரு தீ மூண்டது' என்று முடித்திருக்கிறாய்.

தீயாவது மண்ணாவது. பாப்பா, நான் தின்றேன்.

குடத்தை இறக்கி வைத்தேன். முன்கதவு சாத்தியிருந்தது. வெளியே அவர்கள் மெல்லப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. மூலையில் இருந்த இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, விழுந்தேன். ஒரு பிடிச் சோறு, தேங்காய்ப்பாலில் போட்ட கருவாட்டுத் துண்டு ஒன்று, கத்தரிக்காய். அள்ளி அள்ளி வாயில் போட்டேன். அப்பா ஞாபகம் வரவில்லை, அம்மா ஞாபகம் வரவில்லை, சாமி பயம் வரவில்லை. சோறு என்று ஒன்றுதான் தெரிந்தது. மூன்று வாயில் தீர்ந்துவிட்டது. கையைச் சாக்குப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிப்போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டேன்.

அவர்கள் கதவைத் திறந்தார்கள். மாக் சூ ஒரு கத்து கத்தினாள் பார், எனக்கு உயிரே போய்விட்டது. பிடிபட்டோம் என்று நினைத்தேன். ஆனால் அவள் கத்தியது சந்தோஷத்தில். "டியா சுடா மாக்கான்! மாக் சுடா டாத்தாங்!" என்று கத்துகிறாள். சாப்பிட்டாச்சு, அம்மா வந்தாச்சு என்று. அந்த மூலை இலை அவள் அம்மாவுக்குப் போட்ட இலை. இந்தப் பஞ்ச காலத்திலும் தன் அம்மா எங்கிருந்தோ நடந்து வந்து மகள் போட்ட ஒரு பிடிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனாள் என்று அவள் நம்பினாள். வந்திருந்த கிழவர் ஒருவர் இலையைப் பார்த்துத் தலையாட்டினார். மாக் சூ சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றுதான் அவள் சிரித்து நான் பார்த்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டதுபோல் இருந்தது. வயிறும் நிறைந்தது, அவளுக்கும் அவள் அம்மா வந்துவிட்டாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

நான் இருந்தேன். பெரியம்மாதான் இருக்கவில்லை. சத்தம் கேட்டு வேலியோரம் வந்தவள் என்னைப் பார்த்தாள். கையைப் பிடித்து மோந்தாள். கருவாட்டு வாடை. அப்படியே மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி மாக் சூ வீட்டு முன்வாசலுக்குக் கொண்டுபோனாள். அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

"வாயத் தொறந்து சொல்லுடி. எல்லாருக்கும் கேக்கட்டும்," என்றாள். "மலாய்ல சொல்லு. அவங்களுக்கும் வெளங்கட்டும்."

சாயா யாங் மாக்கான் என்று சொன்னேன். நான்தான் தின்றேன். சத்தமாக வரவில்லை என்று முதுகில் ஒன்று விழுந்தது. மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவையும் சொல்ல வைத்தாள். மாக் சூ என்னைத் திட்டவில்லை. இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். வந்தவர்கள் சாப்பிடாமல் போனார்கள். அப்புறம் வீட்டில் விறகுக்கட்டை அடி விழுந்தது. முழங்கையில் தழும்பு இருக்கிறதே, அது அன்றைக்கு வந்தது. 'வீரத் தழும்பு' என்று எழுதியிருக்கிறாய். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று வேறு. நான் போட்ட கூச்சல் கோயில் வரைக்கும் கேட்டது, தாயே. அந்த அடியை நான் மறந்துவிட்டேன், நிஜமாகவே மறந்துவிட்டேன். மாக் சூ அம்மாவை நான் இரண்டாம் தடவை சாகடித்ததை மறக்கவில்லை. அதைச் செய்ய வைத்தவள் காலில்தான் என்னை விழச் சொல்கிறாய்.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் மாக் சூ என்னிடம் பேசவில்லை. கிணற்றடியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சரிதானே, நான் செய்ததற்கு? ஒரு நாள் மத்தியானம், பெரியம்மா அரிசி வரிசையில் நிற்கப் போயிருந்தபோது, "மாரி சினி", இங்கே வா என்று கூப்பிட்டாள். அடிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று பயந்துகொண்டே போனேன். கிழிந்த இலைத்துண்டில் அவித்த மரவள்ளிக் கிழங்கு இரண்டு துண்டு, மேலே துருவிய தேங்காய் கொஞ்சம். "மாக்கான். டெப்பான் குவா," என்றாள். தின்னு, என் கண் முன்னாலே தின்னு. நான் தயங்கிக்கொண்டு நின்றேன். உங்க அம்மாவுக்கு வேணாமா என்று கேட்டேன், முட்டாள்போல. "செத்தவங்க காத்திருப்பாங்க. பிள்ளைங்களால காத்திருக்க முடியாது," என்று அவள் பாஷையில் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஜப்பான்காரன் போகும்வரை, பெரியம்மா வெளியே போகும் நேரமெல்லாம் அந்தப் பின்கட்டில் எனக்கு ஒரு இலைத்துண்டு இருந்தது. சில நாள் கிழங்கு, சில நாள் வெறும் கீரை, சில நாள் ஒன்றுமே இல்லை என்று கையை விரிப்பாள். இல்லாத நாளும் கூப்பிட்டு இல்லை என்று சொல்வாள், நான் காத்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று. திட்டிக்கொண்டேதான் போடுவாள். நான் சாகாமல் இருந்ததற்குக் காரணம் என்ன என்று நீ நாவலில் தேடு தேடு என்று தேடியிருக்கிறாயே, வைராக்கியம், தீ, தன்மானம் என்று, காரணம் அந்தக் கிழங்கு. கொடுமை ஒருத்தியை வளர்க்கும் என்று எந்தக் கதையிலும் எழுதிவிடலாம். கதையில் வரும் பெண்ணுக்கு வயிறு கிடையாது. பெரியம்மா எனக்குக் கொடுத்தது தழும்பு ஒன்று, அதோடு இன்னொன்று. அந்த இன்னொன்றைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

பெரியம்மா சுதந்திரத்துக்குப் பிறகும் உயிரோடுதான் இருந்தாள். நான் கல்யாணமாகி, அதே காஜா பெராங்கில் வேறு வரிசையில் குடியிருந்தேன். தீபாவளிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். அந்தப் போகியைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசவில்லை. வந்து போகிறவர்களிடம் மட்டும், "நான் வளர்த்த புள்ள, அதான் இவ்வளவு கெட்டிக்காரி. அன்னைக்கு அடிச்சேன், இன்னைக்கு நல்லாருக்கா," என்று சொல்லிக்கொள்வாள். நான் வாயை மூடிக்கொண்டு காப்பி குடித்துவிட்டு வருவேன். செத்தபோது போய்ப் பார்த்தேன், அழவில்லை. இப்போது என்னடாவென்றால், அவள் சொன்ன அதே வசனத்தை என் வாயில் போட்டு நீ அச்சடிக்கப் போகிறாய். அவளுக்கு இருந்த துணிச்சலைவிட உனக்கு அதிகம்.

ஆனால் உன்னை மட்டும் திட்டி என்ன செய்ய? செண்பகம் சோற்றைத் தொடவில்லை என்று உனக்கு யார் சொன்னது? நான்தான் சொன்னேன். எப்போது சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா?

உனக்கு ஒன்பது வயது. தீபாவளி முடிந்து நாலு நாள். உன் அப்பாவின் மேலாளர் குடும்பத்தோடு வருகிறார் என்று பிஸ்கட் டின் நிறைய முறுக்கு எடுத்து வைத்திருந்தேன். வந்தவர்களுக்கு வைக்க டின்னைத் திறந்தால் அடியில் பாதிதான் இருந்தது. நீயும் உன் கூட்டாளிப் பெண்களும் கட்டில் அடியில் உட்கார்ந்து தின்றிருந்தீர்கள். வந்தவர்கள் முன்னால் எனக்கு மானம் போய்விட்டது. அவர்கள் போன பிறகு ரோத்தான் பிரம்பை எடுக்கவில்லை நான். எடுத்திருந்தால் தேவலை. காலி டின்னை உன் கையில் கொடுத்தேன். வரிசை வீடுகள் ஒவ்வொன்றின் வாசலிலும் நிறுத்தி, "வாயத் தொறந்து சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்," என்றேன். அது யார் சொன்ன வார்த்தை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. என் சொந்த வார்த்தை என்றே நினைத்தேன்.

முதல் வீடு சீன அம்மா. அவளுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. இரண்டாவது வீட்டில் தமிழ் முஸ்லிம், மாமாக்கார் வீட்டு அம்மா, "வுடுங்கக்கா, பச்சப்புள்ள" என்றாள். நான் விடவில்லை. மூன்றாவது வீட்டு வாசலில் நீ 'நான் திருடி' என்று சொல்லும்போதே பாவாடை நனைந்துவிட்டது. கால் வழியாக இறங்கி வாசலில் தேங்கியது. உள்ளேயிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போதும் நான் உன் கையை விடவில்லை. நாலாவது வீடு மாக் சூ வீடு. கம்பத்து வீட்டை விட்டுவிட்டு அண்ணன் மகளோடு எங்கள் வரிசைக்கே வந்துவிட்டிருந்தாள். கண் மங்கிவிட்டது, ஆனால் ஆளைத் தெரியும். கதவைத் திறந்தாள். உன்னைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள், நனைந்த பாவாடையைப் பார்த்தாள். நீ வாயைத் திறப்பதற்குள் உன் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"லு சாமா மாச்சாம் டியா," என்றாள். நீயும் அவளைப் போலத்தான். அவ்வளவுதான் சொன்னாள், என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திவிட்டாள்.

நான் அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உள்ளே அவள் உனக்குத் துணி மாற்றிவிட்டு எதையோ சாப்பிடக் கொடுக்கும் சத்தம் கேட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கோபப்பட்டேன். என் பிள்ளையை நான் கண்டிக்கிறேன், இவள் யார் என்று கோபப்பட்டேன். சாயங்காலம் நீ வந்ததும் உன்னை உட்கார வைத்து அந்தப் போகிக் கதையைச் சொன்னேன். "ஒன் வயசுல நான் பசியில செத்துக்கிட்டிருந்தேன். முன்னால சோறு இருந்துச்சு. கை வைக்கல தெரியுமா? நீ வயிறு நெறஞ்சும் திருடுறே," என்று சொன்னேன். மாக் சூ சொன்னது பொய் என்று எனக்கே நிரூபிக்க, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் பொய் சொன்னேன். நீ கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். அந்தக் கண்ணால்தான் முப்பத்தெட்டு வருஷம் கழித்துச் செண்பகத்தை எழுதியிருக்கிறாய்.

உன் நாவல் ஜப்பான்காரன் போனதோடு முடிகிறது. அதனால்தான் செண்பகம் நல்லவளாக முடிகிறாள். பதிமூன்று வயதில் நிறுத்திவிட்டால் எந்தப் பிள்ளையும் கதாநாயகிதான். இன்னும் இருபது வருஷம் எழுதிப் பார். அவள் கையில் ஒரு டின்னும் ஒரு பிள்ளையும் இருக்கும். பெரியம்மா எனக்குக் கொடுத்தது அதுதான்.

அப்புறம் அந்தச் சமர்ப்பணம். கடைசித் தாளாகத் தனியே வைத்திருந்தாய், எனக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாய். 'கல்லாய்க் கிடந்த என்னைச் செதுக்கிய அம்மாவின் கைகளுக்கு.' கல்லா? நீ என்றைக்கடி கல்லாய்க் கிடந்தாய்? பிறந்த அன்றைக்கே சிரித்த பிள்ளை நீ. ரேடியோவில் பாட்டு வந்தால் அடுப்படியில் ஆடுவாய். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒட்டிக்கொள்வாய். டின்னோடு போய் வந்த பிறகு நீ யார் வீட்டு வாசலிலும் ஏறவில்லை. ஆட்டமும் நின்றது. படிப்பில் மட்டும் மூழ்கிவிட்டாய், முதல் மாணவியாக வந்தாய். பார்த்தீர்களா, கண்டித்து வளர்த்தேன், எப்படி வந்துவிட்டாள் என்று நானும் நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன். பெரியம்மா காப்பி கொடுத்துவிட்டுப் பீற்றிக்கொண்ட மாதிரியே.

நீ ஆசிரியை. உன் நாவலைப் பள்ளிக்கூடங்களில் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அடி வாங்கி வீட்டுக்குப் போகிற ஒரு பெண் அதைப் படிப்பாள். இந்த அடிக்கு நாம் ஒரு நாள் நன்றி சொல்ல வேண்டியிருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அவளை அடிக்கிறவளும் படிப்பாள், அவளுக்கு இன்னும் சௌகரியம். இதற்காகவா ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதினாய்? மாக் சூவுக்கு நாலு வரி போதாது. செண்பகம் சோற்றைத் தின்னட்டும், நாறட்டும், கூச்சல் போட்டு அழட்டும். யார் கிழங்கு போட்டாள் என்று எழுது. நிமிர்ந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் யார் அடித்தார் என்று கேட்காதே, யார் சோறு போட்டார் என்று கேள். என் எழுபது வயதுக்கு எனக்குத் தெரிந்த புத்திமதி இவ்வளவுதான், அதைக்கூட நான் கடைப்பிடிக்கவில்லை.

வெளியீட்டு விழாவில் என்னை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொன்னாய். இப்படியே அச்சானால் நான் வரமாட்டேன். திருத்தினாலும் மேடைக்கு வரமாட்டேன், கீழே உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே உட்காரத்தான் எனக்கு யோக்கியதை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நான் தபாலில் போட்டிருக்கலாம், நீ தனியாகப் படித்திருப்பாய். ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன். உன்னோடு வேலை செய்கிறவர்கள் படிப்பார்கள், நம் வரிசையில் மிச்சமிருப்பவர்கள் படிப்பார்கள், அன்றைக்குச் சிரித்த பிள்ளைகளும் எங்காவது பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து படிப்பார்கள். உனக்குக் கூச்சமாக இருக்கும், கோபம்கூட வரும். வரட்டும். உன்னை நான் தனியாகக் கூப்பிட்டு அவமானப்படுத்தவில்லை, நாலு வாசலில் வைத்து அவமானப்படுத்தினேன். மன்னிப்பை மட்டும் அடுப்படியில் வைத்துக் காதோடு கேட்டால் அது கணக்காகுமா? படையல் சோற்றைத் தின்றவள் நான். அதை மறைத்து உன்னைத் திருடி என்றவள் நான். ஒன்பது வயதில் நீ செய்தது முறுக்கு தின்றது. நான் செய்ததுதான் தப்பு.

மன்னிக்கிறதா வேண்டாமா என்று நீ நிதானமாக யோசித்துக்கொள், அவசரமில்லை. மன்னிக்க முடியவில்லை என்றால் அதையும் என்னிடம் சொல், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நன்றி மட்டும் சொல்லிவிடாதே, பாப்பா. அதை என்னால் தாங்க முடியாது.

அம்மா